'சாம் பகதூர்' பார்த்தால் 1971 தெரிந்துவிடுமா?

குன்னூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு மைதானத்தில் திரை கட்டி, 1971 பாகிஸ்தான் போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த சாம் மானெக்சாவைப் பற்றி 2023-ல் வந்த 'சாம் பகதூர்' படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் பத்தாவது படிக்கிற பையன் ஒருவன், "இந்திரா காந்தி ஏப்ரல் மாசமே சண்டைக்குப் போகச் சொன்னாங்க, மானெக்சாதான் முடியாதுன்னுட்டார்" என்று அடித்துச் சொன்னான். ஏதோ மந்திரிசபைக் கூட்டத்துக்கு டீ கொண்டுபோனவன் மாதிரி! அந்தக் கதை மானெக்சா பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொன்னது. மழைக்காலம் வருகிறது, தயாராக அவகாசம் வேண்டும் என்று அவர் கேட்டதில் தகராறு இல்லை. ஆனால் ஏப்ரலிலேயே படையெடுக்க இந்திரா துடித்தார் என்பதை, அக்காலத்து அரசு ஆவணங்களைப் படித்த ஸ்ரீநாத் ராகவன் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. அதை இனி அந்தப் பையனிடம் யார் சொன்னாலும் எடுபடாது. சினிமா போரைப் பற்றிய நினைவைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்கு யார் வருகிறீர்கள்?

வெலிங்டன் பஜார்:
நான் வருகிறேன் அண்ணே. படத்துக்கு முன்னால் நமக்கு என்ன நினைவு இருந்தது, கெடுவதற்கு? 2008 ஜூன் 27-ல் மானெக்சா இறந்தது இதே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில். அடக்கம் ஊட்டி பார்சி கல்லறையில். பிரதமரும் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. மானெக்சா பாலத்தைத் தினமும் தாண்டுகிற என் மச்சான், அது யாரோ வெள்ளைக்காரத் துரை பேர் என்றே நினைத்திருந்தான். டாக்சி ஓட்டுகிறான். படம் வந்த பிறகு சுற்றுலா வருகிறவர்கள் "அவர் வீடு எங்கே" என்று நச்சரிக்க, இப்போது மனிதர் வரலாறே சொல்கிறார். பாதி தப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கோத்தகிரி டீச்சர்:
பாதி தப்பு இருக்கட்டும் என்று விடுவதுதான் பிரச்சினை தம்பி. அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி இழந்த வாட்டர்கேட் ஊழலை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' பார்த்தவர்கள், இரண்டு நிருபர்கள் சேர்ந்து நிக்சனை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றே சொல்வார்கள். நிருபர்களின் வேலை பெரியதுதான். ஆனால் செனட் குழுவின் விசாரணை, நிக்சன் தன் அலுவலகப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்த ரகசியம் 1973 ஜூலையில் வெளிவந்தது, அவற்றை ஒப்படைக்கச் சொன்ன 1974 உச்சநீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அந்தப் படத்தின் கதையோ 1973 ஜனவரியோடு நின்றுவிடுகிறது. மீதியை டெலிபிரின்டர் தலைப்புச் செய்திகளாக ஓட்டிவிட்டார்கள். "பணம் போகிற வழியைப் பிடி" என்று நிருபர்களுக்கு ரகசியமாகத் தகவல் தருகிற ஆள் சொல்வதை உலகமே மேற்கோள் காட்டுகிறது. நிருபர்கள் எழுதிய புத்தகத்தில் அந்த வசனமே கிடையாது, திரைக்கதைக்காக எழுதியது.

வெலிங்டன் பஜார்:
டீச்சர், ஒரு கேள்வி. அதே 1971 மே மாதம் டெல்லி ஸ்டேட் வங்கிக்கு இந்திரா குரலில் போன் போட்டு 60 லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு போனாரே நகர்வாலா, முன்னாள் ராணுவ கேப்டன், மறு வருஷம் காவலில் இருக்கும்போதே இறந்தும் போனார். உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வாட்டர்கேட்டுக்கு வாய்த்தது மாதிரி ஒரு படம் இதற்கு வாய்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பழைய சுபேதார்:
மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

1997-ல் வந்த 'பார்டர்' படத்தில் 1971 போரின் லோங்கேவாலா சண்டையில் பைரோன் சிங் என்ற வீரர் வீரமரணம் அடைவார். தியேட்டரில் எல்லாரும் அழுதார்கள். நிஜ பைரோன் சிங் ரத்தோர் சேனா பதக்கம் வாங்கிக்கொண்டு 2022 டிசம்பர் வரை உயிரோடு இருந்தார். இருபத்தைந்து வருஷம் அந்த மனிதர் "நான் சாகவில்லை" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

அடுத்தது அதே போரில் நடந்த பசந்தர் ஆற்றுச் சண்டை. டிசம்பர் 15, 16. எரிகிற பீரங்கி வண்டியை விட்டு இறங்காமல் சண்டை போட்டு உயிர்விட்ட இளம் அதிகாரி அருண் கேதர்பாலை எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அதே சண்டையில் ஆற்றைக் கடந்து சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்த 16 மதராஸ், அதாவது எங்கள் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியனைப் பற்றி, ரெஜிமென்ட் மையம் இருக்கிற இந்த ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். கேமரா ஒருவரைத்தான் பிடிக்கும். பட்டாலியனைப் பிடிக்காது.

கூடலூர் தேயிலை:
சுபேதார் ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கைதிகளையும் கூலிகளையும் வைத்துத் தாய்லாந்தில் இருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் என்றாலே உலகத்துக்கு அதுதான். விசில் அடித்துக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரக் கைதிகள், விறைப்பான கர்னல். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த கைதிகள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளிகளில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் அதில் ஏராளம். காலராவில் கும்பல் கும்பலாகப் போனார்கள். படத்தில் அவர்கள் எங்கே? தேடித்தான் பார்க்க வேண்டும்.

என் தாத்தா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அதனால் எனக்கு இன்னொன்றும் உறுத்தும். படத்தை எடுத்ததே இலங்கையில், கித்துல்கலையில். எங்கள் சனம் கொழுந்து பறித்த மலைகளுக்குக் கீழேதான். சுற்றிலும் தமிழ்த் தொழிலாளிகள், கதையில் மட்டும் ஆள் இல்லை.

வெலிங்டன் பஜார்:
மனசு கனக்கிறது நண்பா. ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் அந்தப் பாலம் இருக்கிற தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு யார் போவார்கள்? போகிறவர்கள்தானே அங்கே அருங்காட்சியகத்தில் ஆசியத் தொழிலாளிகள் கதையையும் படிக்கிறார்கள்?

கூடலூர் தேயிலை:
போகிறார்கள். போய்ப் பார்ப்பது எதை? நிஜப் பாலம் கட்டியது மேக்லாங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் "குவாய் எங்கே, குவாய் எங்கே" என்று கேட்டதால், அந்தப் பகுதி ஆற்றுக்கே குவே யாய் என்று பேர் மாற்றிவிட்டார்கள். ஆற்றுக்கே இந்தக் கதி. கைதிகளின் கல்லறையில் வரிசை வரிசையாகப் பேர், ரெஜிமென்ட், வயது. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. படம் பொய் சொன்னால் மறுத்துவிடலாம். ஆளையே காட்டாமல் விட்டதை எப்படி மறுப்பது?

குன்னூர்க்காரன்:
இதைத்தான் ஐயா நான் சொல்ல வந்தேன், நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

வெலிங்டன் பஜார்:
இல்லை அண்ணே, நீங்கள் சொன்னது வேறு. நீங்கள் படம் கெடுக்கிறது என்றீர்கள். இவர் படம் போதவில்லை என்கிறார். அப்படியென்றால் இன்னும் நாலு படம் வர வேண்டும், மரண ரயிலில் செத்த தமிழர்களைப் பற்றியும் 16 மதராஸைப் பற்றியும். அது என் கட்சி!

கோத்தகிரி டீச்சர்:
நாலு படம் வரும்வரை ஒரு காரியம் செய்யலாம். அடுத்த ஞாயிறு 'பார்டர்' போடுங்கள். முடிந்ததும் சுபேதார் ஐயாவை அரைமணி நேரம் பேசவிடுங்கள்.

பழைய சுபேதார்:
பேசலாம் அம்மா. ஆனால் மூணு மணி நேரப் படம், சாயந்திரம் ஆறரைக்கு ஆரம்பித்தால் முடிய ஒன்பதரை ஆகும். அதற்கு மேல் அந்த மைதானத்தில் கரடிதான் உட்கார்ந்து கேட்கும். நாலு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
நாலு மணி வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியாது ஐயா. சமுதாயக் கூடம் காலியா என்று கேட்டுச் சொல்கிறேன்.