1832 பென்ஷன் சட்டமும் ஊர்ப்படைக் கிழவர்களும்: கோப்புகளில் எதிர்ப்பட்டவை

முதல் பதிவு

அமெரிக்க விடுதலைப் போரில் மிலிஷியா என்ற ஊர்ப்படையில் போய் வந்தவர்கள், ஐம்பது வருஷம் கழித்து எழுபது, எண்பது வயதில் பென்ஷன் கேட்டுப் போட்ட மனுக்களைப் படிக்கிறவர்கள், கண்டதை இந்த இழையில் எழுதுங்கள். அடிப்படையை நான் வைத்துவிடுகிறேன்.

1818 சட்டம் நிரந்தரப் படையான கான்டினென்டல் படைக்காரருக்கு மட்டும்தான், அதிலும் வறுமையில் இருப்பவருக்கு. 1820-ல் மாடு, கலப்பை, பானை சட்டி வரை எழுதிச் சொத்துப் பட்டியலும் கொடுக்கச் சொன்னார்கள். ஊர்ப்படைக்காரருக்குக் கதவைத் திறந்தது 1832 ஜூன் 7 சட்டம். இதில் வறுமையை நிரூபிக்க வேண்டாம். மொத்தம் இரண்டு வருஷம் சேவை செய்திருந்தால் ஆயுசு முழுக்க முழுச் சம்பளம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் விகிதப்படி. 1831 மார்ச் 4 முதல் கணக்கு, மார்ச்சிலும் செப்டம்பரிலும் 4-ம் தேதி தவணை.

சாதாரணச் சிப்பாய்க்கு முழுத்தொகை வருஷத்துக்கு 80 டாலர். அதாவது சேவை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் 3 டாலர் 33 சென்ட். இதை மனதில் வைத்துக்கொண்டால், மேலுறையில் எழுதியிருக்கும் தொகையிலிருந்தே வாஷிங்டனில் இருந்த பென்ஷன் அலுவலகம் எத்தனை மாதத்தை நம்பியது என்று கணக்கிடலாம். 23.33 என்றால் ஏழு மாதம். 43.33 என்றால் பதின்மூன்று. கிழவர் பதினெட்டு மாதம் சொல்லியிருக்க உறையில் 23.33 இருந்தால், பதினோரு மாதத்தை அடித்துவிட்டார்கள். எந்த மாதங்கள் போயின என்று உள்ளே தேடுங்கள். கோப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பதில்

மனு எப்படிப் போட்டார்கள் என்பதைச் சேர்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதி அனுப்ப முடியாது. கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட் கூடும் நாளில் போய், நீதிபதி முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து சொல்ல வேண்டும். கிளார்க் எழுதுவார். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போல ஒரு கீறல் போடுவார். அதன் மேலும் கீழும் ‘இன்னார் குறி’ என்று கிளார்க்கின் கையெழுத்து இருக்கும். நடக்க முடியாதவர் வீட்டுக்கு நீதிபதியே போவது உண்டு, ஆனால் வர முடியாத காரணத்தைத் தனியாகப் பதிய வேண்டும்.

பிறகு வரிசையாகக் கேள்விகள். எந்த ஊரில், எந்த வருஷம் பிறந்தீர்? வயதுக்கு ஏதாவது பதிவு உண்டா? படைக்குப் போகும்போது எங்கே குடியிருந்தீர்? சீட்டு விழுந்து போனீரா, தானாகப் போனீரா, இன்னொருவருக்குப் பதிலாளாகப் போனீரா? கூட இருந்த அதிகாரிகள் யார்? சேவை முடிந்ததும் படையிலிருந்து விடுவித்த சீட்டு வாங்கினீரா, அது எங்கே? உம்மை நம்பிக்கையானவர் என்று சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்காகத்தான் ஒரு பாதிரியாரும் ஓர் அண்டைவீட்டாரும் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்று சேவைக்குச் சாட்சி ஆகாது. ‘இவர் போருக்குப் போனவர் என்று ஊரில் பேச்சு உண்டு, நாங்களும் நம்புகிறோம்’ என்ற அளவுதான். நிஜச் சாட்சி என்றால் கூடவே நின்றவர் வேண்டும். அவர்களில் பலர் 1832-க்குள் செத்துப்போனார்கள், அல்லது கென்டக்கி, டென்னஸி என்று எங்கெங்கோ குடிபெயர்ந்துவிட்டார்கள்.

அரசிடம் ஏடு இல்லையா என்று கேட்பீர்கள். போர்த் துறை அலுவலகம் 1800 நவம்பர் 8 இரவு தீப்பிடித்து எரிந்தது. ஊர்ப்படைப் பட்டியல்களில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேரவே இல்லை, கேப்டன் வீட்டுப் பெட்டியோடு அழிந்தது. எனவே பல கோப்புகளில் கிழவரின் ஞாபகம் ஒன்றே ஆவணம்.

பதில்

மாதங்கள் எங்கே போயின என்ற கேள்விக்கு வருகிறேன். ஊர்ப்படை ஆள் ஒரேயடியாக வருஷக்கணக்கில் இருக்கமாட்டார். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று முறை வரும்போது போவார், முடிந்ததும் வந்து உழுவார். நடுவில் எதிரி வருகிறான் என்று முரசு கேட்டால் பத்து நாள் ஓடிப்போய்த் திரும்புவார். ஆறு மாதம் என்பது இந்தத் துண்டுகளின் கூட்டல்தான். ஒவ்வொரு துண்டுக்கும் கேப்டன் பெயர், கர்னல் பெயர், புறப்பட்ட இடம், நாள் கணக்கு வேண்டும். ஒரு துண்டில் கேப்டன் பெயர் மறந்தால் அந்தத் துண்டே விழும்.

அடுத்த கண்டம், திருத்தப்பட்ட மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம்: அதிகாரமுள்ளவர் அழைத்துத் திரட்டிய படையோடு இருந்தேன், களத்திலோ காவல் அரணிலோ இருந்தேன், அந்தக் காலத்தில் வேறு தொழில் செய்யவில்லை. இது கிழவரின் பேச்சு அல்ல. முதல் மனு திரும்பி வந்த பிறகு வக்கீலோ கிளார்க்கோ சேர்த்தது. எல்லைப்புற அரண்களில் இருந்தவர்கள் சிக்கியது இங்கேதான். காலையில் சோளக்கொல்லையில் வேலை, தோளில் துப்பாக்கி, ராத்திரி அரணுக்குள் காவல். சட்டத்தின் கண்ணில் அது சேவையா, விவசாயமா? அரணுக்கு யார் உத்தரவில் போனார், கேப்டனுக்குப் பதவி யார் கொடுத்தது என்று எழுதியவர் தப்பித்தார். ‘ஊரைக் காத்தோம்’ என்று மட்டும் சொன்னவர் மாட்டினார். கூலிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும் இதே கதி. படைக்கு மாவும் தோட்டாவும் சுமந்தவர்களை ஒழுங்கான படைப்பிரிவில் இல்லை என்று தள்ளியது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பதில்

தேதி பிசகு இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். இவர்கள் வருஷத்தை எண்ணால் நினைப்பதில்லை. ‘கேட்ஸ் தோற்ற கோடையில்’ என்பார்கள், அது அமெரிக்கத் தளபதி கேட்ஸ் தோற்ற கேம்டன் சண்டை, 1780 ஆகஸ்ட் 16. ‘கௌபென்ஸ் கைதிகளைக் காவலோடு கொண்டுபோனோம்’ என்றால் கௌபென்ஸ் சண்டை நடந்த 1781 ஜனவரி 17-க்குப் பிறகான நாட்கள். மனுவில் 1779 என்று எழுதியிருக்கும், சம்பவம் 1781 என்று சொல்லும். சம்பவத்தை நம்புங்கள், எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வயதைப் பாருங்கள். ஊர்ப்படைக்குச் சேர்க்கும் வயது பொதுவாகப் பதினாறு. 1767-ல் பிறந்தவர் 1780-ல் சீட்டு விழுந்து போனேன் என்றால் கேள்வி வரும். ஆனால் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பதிலாளாகப் போன பையன்கள் நிஜமாகவே இருந்தார்கள்.

பதில்

மோசடியும் இருந்தது, மறைக்க வேண்டாம். வர்ஜீனியாவின் மேற்கு மலை மாவட்டங்களில், இன்று மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலத்தில், அரசு வழக்கறிஞர் சிங்கிள்டன் 1834 முதல் பென்ஷன்காரர்களிடம் மறுபடி வாக்குமூலம் வாங்கினார். பலருக்குப் பென்ஷன் நின்றது. அந்த வாக்குமூலங்கள் கோப்பிலேயே இருக்கும். முதல் மனுவில் பதினெட்டு மாதம், சிங்கிள்டனிடம் சில வாரம் என்று இருப்பதைப் பார்க்கலாம். எழுதிக்கொடுத்த ஏஜென்ட் ஊதிப் பெருக்கியதும் உண்டு, பயந்துபோன கிழவர் உண்மைச் சேவையையே குறைத்துச் சொன்னதாகத் தோன்றும் இடங்களும் உண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பதில்

கோப்பு எண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்804 என்ற மைக்ரோஃபிலிம் தொகுதி, 2,670 சுருள், சுமார் 80,000 கோப்பு. எண்ணுக்கு முன்னால் எஸ் என்றால் பிழைத்திருந்த சிப்பாய்க்குக் கிடைத்தது, டபிள்யூ என்றால் விதவைக்கு, ஆர் என்றால் நிராகரித்தது. விதவைக் கோப்புகளில் கல்யாணத்துக்குச் சான்றாக வீட்டு பைபிளிலிருந்து கிழித்த ஏடே இருக்கும். பிள்ளைகள் பிறந்த தேதிகள் வெவ்வேறு மையில், ஒரே கையெழுத்தில். அந்தக் குடும்பம் அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

ஆர் கோப்பை ஒதுக்கிவிடாதீர்கள். பென்ஷன் ஆணையர் ஜேம்ஸ் எட்வர்ட்ஸின் அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து அதில்தான் நீளமாக இருக்கும். கிழவர் மூன்றாம் தடவை, நான்காம் தடவை சொல்லும்போது முன்பு வராத கேப்டன் பெயர், ஆற்றுத்துறை, கூடச் செத்தவன் பெயர் எல்லாம் வரும்.

பதில்

இந்தப் போரின் சிப்பாய்களில் கடைசிப் பென்ஷன்காரர் டேனியல் பேக்மனும் நியூயார்க் ஊர்ப்படையில் இருந்ததாகச் சொன்னவர்தான். சேவைக்குச் சான்று காட்ட முடியாததால் பொதுச் சட்டங்களின் கீழ் அவருக்குக் கிடைக்கவில்லை. 1867 பிப்ரவரியில் காங்கிரஸ் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டு வருஷம் 500 டாலர் கொடுத்தது. 1869 ஏப்ரல் 5-ல் இறந்தார். ஊர்ப்படை ஆள் ஒருவரைத் தேடி எம்804-ல் எதுவும் கிடைக்கவில்லை என்றால், தனிநபர் சட்டங்களையும் 1852-ல் அச்சிட்ட நிராகரிப்புப் பட்டியலையும் பாருங்கள். அந்தப் பட்டியலில் பெயருக்கு எதிரே காரணம் ஒரே வரியில் இருக்கும். ‘ஆறு மாதம் ஆகவில்லை’ என்பது அங்கே அடிக்கடி கண்ணில் படும்.