ஆட்கள் வேலையை விட்டுப் போன பிறகுதான் பிரச்சினை தெரிகிறது. முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 24 மணி நேர சப்போர்ட் டீம், மொத்தம் 20 பேர். ஆறு மாதத்தில் 4 பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள் (ராஜினாமா). மாதாந்திர சர்வேயில் எல்லோரும் 5-க்கு 4 போடுகிறார்கள். வேலையை விடும்போது நடக்கும் எக்ஸிட் இன்டர்வியூவில் கேட்டால் 'பெட்டர் ஆஃபர்' என்கிறார்கள். நிர்வாகம், இருப்பவர்கள் போகாமலிருக்க ரிடென்ஷன் போனஸ் தரலாம் என்கிறது. பலன் இருக்குமா?

பொதிகை:
எக்ஸிட் இன்டர்வியூவை நம்பாதீர்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வராதவரை யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். எம்ப்ளாயி ஐடி கேட்கும் சர்வேயும் அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். தலைக்கு நாளுக்கு 10 டிக்கெட் (பதிவாகும் புகார்) என்றால் மொத்தம் 200. 4 பேர் போனதும் அதே 200-ஐ 16 பேர் பார்க்கிறார்கள், தலைக்கு 12.5, அதாவது 25% கூடுதல். அதுவும் சமமாகவா பிரிகிறது? சிக்கலானதெல்லாம் கெட்டிக்காரர் தலையில்தான் விழும். அடுத்து அவர் கிளம்புவார்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு (வேலை அழுத்தத்தால் ஓய்ந்துபோவதற்கு) மூன்று அடையாளங்கள் சொன்னது: களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல். இரண்டாவதைக் கவனியுங்கள். எதற்கும் வாதாடுகிறவர் திடீரென்று "சரி, நீங்க சொல்றபடியே பண்ணிடலாம்" என்பார். டிக்கெட்டை மூடும்போது காரணம் எழுதாமல் 'ரிசால்வ்டு' என்று மட்டும் போடுவார். எண்ணிக்கை குறையாததால் டாஷ்போர்டில் தெரியாது. மூடிய பிறகு ரீஓப்பன் ஆகும் டிக்கெட்டுகளை ஆள்வாரியாகப் பாருங்கள், அங்கே தெரியும்.

ராத்திரி ரோஸ்டர்:
ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று போனஸ் கொடுத்தால், 13-ஆம் மாதம் கிளம்புவார்கள். அந்தப் பணத்தில் ஆன்காலுக்கு (இரவில் அழைப்பு வந்தால் எழுந்து பார்க்கும் வேலைக்கு) ஆள் சேருங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று 4 பேர் சுற்றில் 2 பேர் போனால், மிச்சமிருப்பவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தூக்கம் போச்சு.

30 நாள் இரவு அலர்ட்டுகளை (சிஸ்டம் அனுப்பும் எச்சரிக்கைகளை) எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எழுந்து என்ன செய்தார்?' என்று எழுதுங்கள். 'பார்த்தேன், தானாகச் சரியானது' என்பவற்றையெல்லாம் காலை மெயிலுக்கு மாற்றுங்கள். இரவு 3 மணிக்கு எழுந்தவரைக் காலை 9-க்கு லாகின் செய்யச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதி 24 மணி நேரத்தில் 11 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்கிறது. ரோஸ்டரில் அதையே வையுங்கள். காம்ப்-ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான லீவு) அந்த வாரமே கொடுங்கள், சேர்த்து வைத்தால் லாப்ஸ் ஆகிவிடும்.

வேளச்சேரிவாசி:
நன்றி. இருப்பவர்களிடம் என்ன கேட்பது?

பொதிகை:
'போன வாரம் எந்த வேலை உங்க கையில இல்லாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்?' என்று தனியாகக் கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை வாய் திறக்கமாட்டார். லீவிலும் தூக்கம் வராதவருக்கு ரோஸ்டர் மாற்றம் மட்டும் போதாது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.