அயர்லாந்தில் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். அயர்லாந்தின் கருக்கலைப்புச் சட்டம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012ல் அங்கே இறந்த இந்தியப் பெண் சவிதாவின் மரணம், கருக்கலைப்புத் தடையை நீக்க மக்கள் ஒப்புக்கொண்ட 2018 வாக்கெடுப்பு எல்லாம் பலருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது நடுவில் வந்த 2013 சட்டம்: தற்கொலை எண்ணத்தில் இருக்கும் கர்ப்பிணிக்குக் கருக்கலைப்பு வேண்டுமென்றால் இரண்டு மனநல மருத்துவர்கள், ஒரு மகப்பேறு மருத்துவர் என மூன்று பேரும் சேர்ந்து சான்றளிக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தான உடல்நோய் என்றால் இரண்டு பேர் போதுமாக இருந்ததாம், என்ன நியாயமோ! இத்தனைக்கும் தற்கொலை அபாயத்தைக் காரணமாக ஏற்கக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை 1992லும் 2002லும் மக்களே வாக்கெடுப்பில் தோற்கடித்திருந்தார்கள்.

அப்போது அங்கே இருந்த நர்ஸ், டாக்டர் யாராவது உள்பெட்டிக்கு வாங்க. நோயாளி விவரம் எதுவும் வேண்டாம், நடைமுறை எப்படி இருந்தது என்று சொன்னால் போதும். அப்புறம், சரியா தப்பா என்ற சண்டை இங்கே வேண்டாம், ப்ளீஸ்.