ஊருக்குக் கிளம்பும் குருவிகள்: எங்கள் குன்னூர் தெருக் குழுவில்

*நித்யா, காலை 7:12*
டீச்சர், எங்கள் பின்வேலியில் ஒரு குருவி. முதுகு நீலம், வயிறு செம்மண் நிறம், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு சருகைக் கிளறியது. போட்டோ எடுப்பதற்குள் பெரணிக்குள் நுழைந்துவிட்டது.

*சரோஜா டீச்சர், 7:15*
நித்யா, அது நீல ராபின், ஆண்! இமயமலையில் கூடு கட்டும். குளிருக்கு இங்கே வந்துவிட்டு ஏப்ரலில் திரும்பும். இன்னும் இருக்கிறதே, ரொம்ப சந்தோஷம்மா.

*பிரபு, 7:21*
ஞாயிறு பிள்ளைகளோடு சிம்ஸ் பார்க் போகிறேன். அங்கேயும் தெரியுமா டீச்சர்?

*சரோஜா டீச்சர், 7:29*
கேட் திறந்ததுமே போய்விடுங்கள். மர உச்சியில் கதிர்க்குருவிகள் மேயும். இலையோடு இலையாக இருக்கும், காதால்தான் தேட வேண்டும். கீழே குளத்தோரம் சாம்பல் வாலாட்டி.
இன்னும் கிளம்பாமல் இருந்தால் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கண்ணில் படலாம். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு ஓரமும் கறுப்புக் கரை. காஷ்மீரை ஒட்டிய மலைகளில்தான் குஞ்சு பொரிக்கும். குளிர்காலம் முழுக்க நம் மலைத்தொடரிலும் இலங்கை மலைகளிலும் இருக்கும். உலகம் முழுக்கவே எண்ணிக்கையில் குறைந்துபோன பறவை, அது நம் ஊர் மரத்தில் உட்காருகிறது!

*பிரபு, 7:31*
போனில் அதன் குரலைப் போட்டால் பக்கத்தில் வருமாமே?

*சரோஜா டீச்சர், 7:33*
வேண்டவே வேண்டாம் பிரபு. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் கேட்கட்டும், பாட வேண்டாம். வேறொரு பறவை இடம் பிடிக்க வந்துவிட்டது என்று அது பதறும். இரை தேடுகிற நேரம் வீணாகும்.

*மணி அண்ணன், 7:40*
டீச்சர், ஒரு விஷயம். சனிக்கிழமை பின்பக்கம் முழுக்கச் சுத்தம் பண்ண ஆள் சொல்லியிருக்கிறேன். புதர் மண்டினால் கரடி வந்து படுத்துக்கொள்கிறது. வீட்டில் பயப்படுகிறார்கள்.

*சரோஜா டீச்சர், 7:48*
பயம் நியாயம்தான் மணி, கரடி விஷயத்தில் விளையாட முடியாது. உயர வளர்ந்த லாண்டானாப் புதரை வெட்டச் சொல்லுங்கள். வேலியோரப் பெரணியையும் தரைச் சருகையும் மட்டும் மே வரை விட்டுவைப்போம். இந்தச் சின்னக் குருவிகள் ராத்திரியில் பறந்து, பகலில் இறங்கி மேய்கிறவை. கிளம்பும் முன் புழு பூச்சி தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும், அதுதான் வழிக்குக் கட்டுச்சோறு. சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் நீல ராபினுக்கு இரையே இல்லை.

*நித்யா, 7:50*
கொண்டைக்குருவியும் போய்விடுமா என்று அம்மா கேட்கிறார்கள்.

*சரோஜா டீச்சர், 7:51*
போகாது, அது நம் ஊர்க்காரன். நீலகிரி ஈப்பிடிப்பானும் அப்படித்தான்.

*மணி அண்ணன், 8:04*
சரி டீச்சர், வேலியோரம் தொட வேண்டாம், தீயும் வைக்க வேண்டாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டேன்.

*கேசவன் சார், 8:10*
ஞாயிறு நானும் வருகிறேன். பைனாகுலர் இரண்டு இருக்கிறது, ஒன்று பிள்ளைகளுக்கு.

*சரோஜா டீச்சர், 8:12*
ரொம்ப நல்லது சார். பிரபு, பளிச்சென்ற சட்டை வேண்டாம், ஸ்வெட்டர் மறக்காதீர்கள். பார்த்ததையெல்லாம் குழுவில் போடுங்கள்.