நம்ம ஊர்க் கடைக்கும் மில்லுக்கும் சாப்ட்வேர் போட்டவர்கள் சொல்லுங்கள்

அம்பை கணக்குப்பிள்ளை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்குப் பார்க்கிறேன். மில்லுக்கென்றே ஒரு அப்ளிகேஷன் எழுதி வாங்கலாம் என்று முதலாளி நினைக்கிறார். எழுதித் தர ஒரு தம்பியும் தயார். வேலை தொடங்கும் முன்னால், இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே வாங்கினவர்கள், எழுதிக் கொடுத்தவர்கள், எங்கே இடித்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும். என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை ஓடுவது ரெடிமேடாக வாங்கிய ஒரு பில்லிங் பேக்கேஜ். பெயர் வேண்டாம். மளிகைக்கடைக்கு அது நல்ல சரக்குதான். வாங்கினது, விற்றது, மிச்சம், இந்த மூன்றும் அதற்கு அத்துப்படி. ஆனால் மில்லில் வாங்கிய பொருளை அப்படியே யாரும் விற்பதில்லையே. உள்ளே வருவது நெல். வெளியே போவது அரிசி, குருணை, தவிடு. உமியில் பெரும்பகுதி நம்ம பாய்லரிலேயே எரிந்துவிடும். புழுங்கல் போட்டால் ஊறப்போடுவது, அவிப்பது, காயவைப்பது என்று கட்டத்துக்குக் கட்டம் எடை மாறும். அரசாங்கக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ. நடப்பில் அம்பை 16 அரைத்தால் ஒரு கணக்கு, வேறு ரகம் அரைத்தால் வேறு கணக்கு. பேக்கேஜுக்கு இது எதுவும் தெரியாது. நெல் ஸ்டாக் ஏறிக்கொண்டே போகும், அரிசி ஸ்டாக் மைனஸில் சிவப்பாக நிற்கும். மாதக் கடைசியில் நான் உட்கார்ந்து ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டு இரண்டையும் சமாதானம் செய்து வைப்பேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி என்று வந்தது. 25-ஐத் தாண்டினால் வரி இல்லை. உடனே எங்கே பார்த்தாலும் 26 கிலோ மூட்டை. எங்கள் பேக்கேஜில் ஒரு மூட்டை என்றால் 25 கிலோ என்று புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். போன் போட்டுக் கேட்டால், அடுத்த வெர்ஷனில் வரும் என்றார்கள். வரும்வரை என்ன செய்ய? மொத்த எடையை அடித்தோம், அதுவே மூட்டைக் கணக்கைப் போட்டுக்கொண்டது. 100 மூட்டை லோடுக்கு பில்லில் 104 மூட்டை. லாரி டிரைவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “நாலு மூட்டை குறையுதே அண்ணாச்சி, நான் போய் அங்கன யாருக்குப் பதில் சொல்லுவேன்” என்று நின்றுவிட்டார். அவருக்கு ஜிஎஸ்டி வரலாறு முழுவதையும் சொல்லித்தான் வண்டியைக் கிளப்பினோம்.

இனி எழுதுகிறவரிடம் நான் கேட்கப்போகிற முதல் கேள்வி, எதெல்லாம் நாளைக்கே மாறும், அதை நானே மாற்ற முடியுமா என்பதுதான். மூட்டை எடை, வரி சதவீதம், வரம்பு எல்லாம் செட்டிங்ஸில் இருக்க வேண்டும்.

ஆலங்குளம் டெவலப்பர்

நான் எழுதுகிற கட்சி. 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி வந்த பிறகுதான், சாப்ட்வேர் வேலை என்றால் ரயில் ஏறியாக வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் குறைந்தது. நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் ஊரில் இருந்தே எழுதலாம் என்று வீட்டில் சொல்ல ஒரு தைரியம் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பீடிக்கடைக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். தேவை என்னவென்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: “யாரு எவ்வளவு இலை, தூள் வாங்குனா, எவ்வளவு பீடி கொண்டாந்தா, கூலி எவ்வளவு. வேற என்ன தம்பி இருக்கு இதுல?” இதை நம்பி டேட்டாபேஸ் போட்டிருந்தால் அரை நாள் வேலை. நான் கேட்டது, சாயங்காலம் கணக்குப்பிள்ளை பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

பெண்கள் பீடியைக் கட்டிக்கொண்டு வரிசையில் வருவார்கள். கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. கணக்குப்பிள்ளை இடது கையால் கட்டை எடுத்து ஒரு அமுக்கு, ஒரு பார்வை, பிடிக்காததைக் கழித்து ஓரமாகப் போடுவார். வலது கையில் பேனா. பாஸ் புத்தகத்தில் ஒரு வரி, பேரேட்டில் ஒரு வரி. வரிசை நிற்காது. மவுஸைப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை கிடையாது.

பேரேட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பெயர் ஒன்று இருக்கும், சுற்றுகிற கை மூன்று இருக்கும். அம்மா பெயரில் பாஸ், மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றுவார்கள். இசக்கியம்மாள் மட்டும் ஒரு பக்கம் நிறைய இருப்பார்கள். கணக்குப்பிள்ளை அவர்களைத் தெரு வைத்தும், எதிர்வீடு வைத்தும் எழுதியிருந்தார். செல்போன் நம்பர் வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஒரே நம்பரை ஒரு வளவு வீடுகள் அத்தனையும் கொடுத்திருந்தன.

ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம். என்ன என்று கேட்டேன். “அது இலைக் கடன் தம்பி. இலை மோசமா வந்த வாரம் கூடக் கொடுத்தது. இதை இந்த வாரக் கணக்குல கழிச்சிராதீங்க, அதுக பாவம்” என்றார். கடைக்காரர் சொன்ன தேவையில் இந்த வட்டத்துக்கு இடமே இல்லை. இலை சரியில்லாவிட்டால் பீடி குறையும், குறைந்ததை ஈடுகட்டச் சில பெண்கள் கைக்காசு போட்டு வெளியே இலை வாங்குவார்கள். அந்த வட்டம் விட்டுப்போனால் கூலியில்தான் கை வைக்கும். அதற்கு ஒரு தனி டேபிள், எப்போது கழிக்கலாம் என்பதைக் கணக்குப்பிள்ளையே முடிவு செய்யும்படி ஒரு பட்டன். என்னைக் கேட்டால் அந்த அப்ளிகேஷனில் உருப்படியான இடம் அதுதான்.

திரையில் மவுஸ் கிடையாது. பாஸ் நம்பர், என்டர், கட்டு, என்டர், கழிவு, என்டர். நம்பர் பேட் மட்டும் தனியாக வாங்கி வைத்தோம். புகையிலைத் தூள் கீபோர்டுக்குள் இறங்கிவிடும். நம்பர் பேட் என்றால் போனால் போகிறது என்று அடுத்ததை மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் நோட்டும் கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. கூலி நாளில் இரண்டையும் ஒப்பிட்டால் அங்கங்கே சில்லறை உதைத்தது. தேடிப் பார்த்தால், கணக்குப்பிள்ளை பைசா வந்தால் எப்போதும் மேலே ஏற்றி ரூபாயாக்கிவிடுவார். கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ஐம்பதுக்குக் கீழே இருந்தால் தள்ளிவிட்டது. நான் கண்டுபிடிக்கும் முன்பே ஒரு ஆச்சி கண்டுபிடித்துவிட்டாள்: “மெசினு வந்ததும் என் நாப்பது பைசா எங்கய்யா போச்சு?” கணக்குப்பிள்ளை வழக்கப்படியே இருக்கட்டும் என்று கடைக்காரரும் சொல்லிவிட்டார்.

வண்ணார்பேட்டை ஸ்பேர்பார்ட்ஸ்

எல்லாம் சரி. இதற்கெல்லாம் தனியாக எழுதத்தான் வேண்டுமா? நாங்கள் ரெடிமேட் கணக்கு சாப்ட்வேரான டேலியிலேயே எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். எழுதிக் கொடுத்த பையனுக்கு நாளைக்குத் துபாயில் வேலை கிடைத்தால், கோடும் அவனோடு விமானம் ஏறிவிடும்.

பாளை ஆடிட்டர் ஆபீஸ்

வண்ணார்பேட்டைக்காரர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கணக்கு, வரி, ரிட்டர்ன் இவற்றையெல்லாம் புதிதாக எழுதப் போகாதீர்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும், ஒற்றை ஆளால் துரத்த முடியாது. பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்கிற இ-இன்வாய்ஸையே பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. அன்றைக்கு ‘இது பெரிய கம்பெனி சமாச்சாரம்’ என்று விட்டவர்கள் கடைசியில் ஓடியது எங்கள் ஆபீஸுக்குத்தான். ஆகவே கணக்கு ரெடிமேடில் இருக்கட்டும். மில்லுக்குள் நடப்பதை, பீடிக்கடை முன்னால் நடப்பதை மட்டும் எழுதி வாங்குங்கள். ராத்திரி ஒரு பைல் இங்கிருந்து அங்கே போனால் போதும். கோடு யார் கையில் இருக்கும், ஆள் போனால் என்ன என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் எழுதி வாங்கிவிடுங்கள்.

டெமோவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் விற்பனை பில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அது எந்த சாப்ட்வேரிலும் அழகாக வரும். போன மாதம் விற்ற சரக்கில் பாதி இன்றைக்குத் திரும்பி வந்தது, போன மாத விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 ஏற்கெனவே போட்டாயிற்று, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பழைய பில்லைத் திறந்து திருத்திக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம். அந்தப் பழைய பில் நம்பரைப் பிடித்துக்கொண்டு திரும்பிய சரக்கின் தொகையைக் கழிக்கிற ஒரு கிரெடிட் நோட்டை இந்த மாதத் தேதியில் போட்டுக் காட்டினால் தொடர்ந்து பேசலாம்.

பில்லை அழிக்கிற பட்டன் எங்கே என்று முதலாளிகள் ஆசையாகக் கேட்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் நிற்கிற சாப்ட்வேர்தான் செல்லும். தனி உரிமையாளருக்கு அந்தச் சட்டம் இல்லை. இருந்தாலும் அந்தத் தடத்தைக் கேட்டு வாங்குங்கள். பதினோராம் தேதி ராத்திரி, ரிட்டர்ன் போடுகிற நேரத்தில், எந்த பில்லை யார் தொட்டார்கள் என்று தேடுவது எங்கள் தலையில்தான் விழுகிறது.

ஜங்ஷன் ஹார்டுவேர்

பேக்கப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடையில் சிபியூ மேசைக்கு அடியில் இருந்தது. பேக்கப் தினமும் தவறாமல் நடந்தது. சாப்ட்வேர் போட்டுத் தந்தவர் அதற்கென்றே ஒரு பென்டிரைவைச் செருகிக் கொடுத்திருந்தார், அதே சிபியூவின் பின்பக்கத்தில். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனால் இரண்டிலும் ஒரே சேறு.

ஸ்டாக்கை எண்ணிக்கொள்ளலாம், வாங்கின கணக்கு ஆடிட்டரிடம் இருந்தது. போனது பாக்கி லிஸ்ட். கொத்தனார்கள், பிளம்பர்கள், சின்ன கான்டிராக்டர்கள். பலர் தாங்களாகவே வந்து, “நமக்கு இவ்வளவு நிக்கும் அண்ணாச்சி” என்று சொல்லிக் கட்டினார்கள். சிலர் வரவில்லை. ஆட்கள் யார் யார் என்று தெரியும், தொகைதான் தெரியாது.

மச்சு மேலே ஒரு பழைய சிடி கிடைத்தது. அதில் முந்தைய சாப்ட்வேரின் கஸ்டமர் லிஸ்ட். புதிதில் ஏற்றினால் பெயரெல்லாம் குப்பையாக வந்தது. அந்தக் காலத்து சாப்ட்வேர் தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்ததாம். தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடு என்று ஆணை போட்டது. கன்வர்ட்டரில் போட்டு எடுத்ததில் பெரும்பாலும் சரியாக வந்தது, கொம்பும் காலும் வருகிற எழுத்துகளில் மட்டும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். ‘கோமதி’ என்று தேடினால் ஆளே கிடையாது, கண்ணால் பார்த்தால் லிஸ்டில் இருப்பாள். ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம்.

இப்போது பேக்கப் ராத்திரி நெட் வழியாக வெளியே போகிறது. மாதம் ஒருமுறை என் மச்சான் வீட்டில், கேடிசி நகரில், அதைத் திறந்து ஒரு பார்ட்டியின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம். சிபியூ மாடியில்.

அம்பை கணக்குப்பிள்ளை

கேடிசி நகர் மச்சான் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆலங்குளம் தம்பிக்கு ஒரு கேள்வி. பிசானப் பருவ அறுப்பில் நெல் ஈரமாக வந்து இறங்கும். அரசு கொள்முதலில் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். நாங்கள் 20-ம் வாங்குகிறோம். இங்கே பழக்கம், 14-க்கு மேல் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பது. எழுதப்போகிற தம்பி அது தப்புக் கணக்கு என்கிறார். விவசாயியோ வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். எதைப் போடுவது?

ஆலங்குளம் டெவலப்பர்

தம்பி சொல்வதும் சரிதான் அண்ணாச்சி. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் நீர் போக 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 80-ஐ 86-ஆல் வகுத்து நூறால் பெருக்கணும், 93 கிலோ சொச்சம் வரும். பழக்கக் கணக்கில் 94. பத்து டன் லோடில் கிட்டத்தட்ட 100 கிலோ மில்லுக்கு நஷ்டம்.

ஆனால் விலை பேசியது பழக்கக் கணக்கில் என்றால் பணம் அந்தக் கணக்கில்தான் கொடுக்கணும். இரண்டையும் வையுங்கள். வாங்குகிற சிட்டைக்குப் பழக்கக் கணக்கு, எந்தக் கணக்கு என்று சிட்டையிலேயே அச்சாகட்டும். உள்ளே ஸ்டாக்குக்கு வகுத்து வருகிற எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘ஈரக் கழிவு’ என்று தனித் தலைப்பில் ஏற்றுங்கள். சீசன் முடிந்ததும் அது எவ்வளவு என்று முதலாளி பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த பிசானத்துக்கு விலை பேசும்போது அவருக்குக் கையில் ஒரு எண் இருக்கும். ஈரமானி ரீடிங்கை மட்டும் கையால் அடிக்கிறவர் பெயரோடு சேமிக்கச் சொல்லுங்கள்.