வளையம் மூடிய தருணம்: ஆய்வக அனுபவங்களைப் பகிருங்கள்

தக்கலை மாணவி:
முதுகலை இரண்டாம் ஆண்டில் ஸ்க்ராப் முறையில் குயினோலின் (பென்சீன் வளையத்தோடு நைட்ரஜன் உள்ள இன்னொரு வளையம் ஒட்டிய சேர்மம்) தயாரித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. அனிலின், கிளிசரால், நைட்ரோபென்சீன் மூன்றையும் குடுவையில் எடுத்து, அடர் கந்தக அமிலத்தை ஊற்றிய பிறகுதான் ஃபெரஸ் சல்பேட் பொட்டலம் பிரிக்காமல் மேசையிலேயே கிடப்பதைக் கண்டேன். அதற்குக் கை நீட்டுவதற்குள் கரிய கலவை பொங்கிக் குளிர்விப்பானுக்குள் ஏறிவிட்டது. சிப்ஸ் போடும் கடையில் தேங்காயெண்ணெய் கருகினால் கண்ணைக் கரிக்குமே, அதே நெடி அறை முழுவதும் பரவியது. அது அக்ரோலின். கிளிசரால் நீரை இழந்தால் வருவதும், கருகும் எண்ணெயிலிருந்து எழுவதும் அதுவேதான். புத்தகத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே மட்டும் பார்த்திருந்த இடைநிலைப் பொருள் அன்று என் கண்ணில் நீர் வரவழைத்தது. அத்தனை சீற்றத்துக்கும் அக்ரோலின்தான் காரணம் என்று எண்ணுகிறேன்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, நெடியைச் சரியாக அடையாளம் கண்டாய். காரணத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அனிலின் அக்ரோலினோடு சேர்ந்து வளையம் மூடும்போது கிடைப்பது டைஹைட்ரோகுயினோலின்தான். அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நைட்ரோபென்சீன் பறித்த பின்னரே அது அரோமேட்டிக் ஆகிறது, அதாவது பென்சீனைப் போல நிலைத்த வளையமாகிறது. அந்த ஆக்சிஜனேற்றம் ஒரே மூச்சில் நடந்துவிடாமல் நீண்ட நேரத்துக்குப் பரவச் செய்வதே ஃபெரஸ் சல்பேட்டின் வேலை. ஆகவே அதைத்தான் முதலில் பொடித்துப் போட வேண்டும், பிறகு கிளிசரால், அனிலின், நைட்ரோபென்சீன், கடைசியில்தான் அமிலம். கொதி தொடங்கியதும் விளக்கை எடுத்துவிட வேண்டும். வினையின் சொந்த வெப்பமே அரைமணி நேரத்துக்குமேல் அதைக் கொதிக்க வைக்கும். நான் மாணவனாக இருந்தபோது விளக்கை எடுக்காமல் விட்டு, கூரையில் கறை படிய வைத்தேன். நீராவியால் வடித்தெடுத்த குயினோலினில் அனிலின் கலந்திருக்கும் என்பதையும் மறக்காதே. சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்து அதை டயசோனியம் உப்பாக்கி நீக்கிய பிறகே தூய்மையைப் பற்றிப் பேசலாம். ஆக்சிஜனேற்றி இல்லாமல் எந்த வளையமும் முழுமை பெறாது.

குளச்சல்:
சார், கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. ஸ்க்ராப் முறைக்கு அது பொருந்தும். பென்சீனோடு இன்னொரு வளையத்தைப் படிப்படியாக மூடும் ஹாவொர்த் முறையில் நாப்தலீன் செய்யும்போதும் இறுதியில் ஹைட்ரஜனை நீக்கத்தான் வேண்டும். ஆனால் 1883இல் வெளிவந்த பெக்மன் (Pechmann) வினையில் ஆக்சிஜனேற்றிக்கு இடமே இல்லை. ரிசார்சினாலையும் எத்தில் அசிட்டோஅசிடேட்டையும் குளிர்ந்த கந்தக அமிலத்தில் சேர்த்தால், நீரும் எத்தனாலும் வெளியேறி, பென்சீன் வளையத்தின் பக்கத்திலேயே ஆக்சிஜன் உள்ள கூமரின் வளையம் உருவாகிவிடுகிறது. நான் அதைச் செய்தது ஒரு மழைநாள். பனிக்கட்டித் தூளில் ஊற்றியபோது வந்த வெளிறிய படிவைப் பார்த்து, இதற்காகவா இவ்வளவு பாடு என்று மனம் சோர்ந்தது. ஒரு துளியளவை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துச் சோதனைக்குழாயை சன்னலோரம் கொண்டுபோனேன். மேகம் சற்றே விலகிய அந்நேரத்தில் குழாய் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. அமிலம் விட்டேன், ஒளி மங்கியது. மறுபடி காரம் விட்டேன், ஒளிர்ந்தது. ஆய்வகத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு நின்று, அவரும் இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னார்.