பாட்டு ஏற்றப் பட்ட பாடு

அப்பாவின் பாட்டெல்லாம் என் ஐபாடில்தான் (ஆப்பிளின் பாட்டு பிளேயர்) இருந்தது. 2007-இல் வந்த கிளாசிக் மாடல், 80 ஜிபி. அதற்கு முன் அவை பீரோ மேல் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளாகக் கிடந்தன. பெரும்பாலும் எண்பதுகளில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் போட்டு, ஒவ்வொரு பாட்டாக வெட்டி எம்பி3 ஆக்கினேன். பெயர் வைக்கப் பொறுமை இல்லை. '14 ஏ 3' என்றால் பதினாலாவது கேசட், ஏ பக்கம், மூன்றாவது பாட்டு. எந்த எண் எந்தப் பாட்டு என்ற பட்டியலைத் தனியாகக் கணினியில் தட்டி வைத்தேன். நான் வாங்கிய சிடிக்களும் சேர்ந்து 3,400 பாட்டு. எல்லாவற்றையும் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருளில் சேர்த்து ஐபாடில் ஏற்றியாயிற்று.

ஒரு நாள் கணினியின் ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டது, நின்றுவிட்டது. வேறு நகல் கிடையாது. பட்டியலும் அதே டிஸ்கில். கேசட்டுகளை அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. (அதைப் பற்றி அப்பா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.)

புதுக் கணினியில் ஐபாடைச் செருகினேன். இது வேறொரு கணினியின் நூலகத்தோடு இணைந்தது, இதில் உள்ளதை அழித்துவிட்டு இங்கே இருப்பதை ஏற்றட்டுமா என்று கேட்டது. இங்கே இருப்பது என்றால் காலி நூலகம்! 'சரி' பட்டன் மேல் கை போய்விட்டது. பக்கத்திலிருந்த சித்தப்பா மகன் மவுஸைப் பிடுங்கினான். அந்த ஏற்பாடே ஒருவழிப் பாதை என்று அவன்தான் விளக்கினான். கணினியில் இருப்பதுதான் அசல், பிளேயர் அதன் நிழல். அசல் காலியானால் நிழலும் காலி.

அப்புறம் அவன் செய்தது இதுதான். ஐபாடை வெறும் டிஸ்காகத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னான். ஐபாட் கன்ட்ரோல் என்றொரு ஃபோல்டர், அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01, எஃப்02 என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் நாலு நாலு எழுத்தில் அர்த்தமில்லாத பெயரோடு கோப்புகள். படம், பாட்டு எதன் பெயரும் இல்லை. பெயர்களை ஐபாட் வேறொரு தரவுக் கோப்பில் வைத்துக்கொள்ளுமாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் நகலெடுத்து, புது நூலகத்தில் போட்டான். பொலபொலவென்று பெயர்கள் திரும்பி வந்தன. எம்பி3 கோப்புக்குள்ளேயே ஐடி3 என்று ஒரு குறிப்புப் பகுதி உண்டு. பாட்டு, ஆல்பம், பாடியவர், வருடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். கோப்பின் பெயர் என்னவானாலும் அந்த டேக் கூடவே வரும்.

சிடிக்களிலிருந்து ஏற்றியவை எல்லாம் பெயரோடு வந்துவிட்டன. அப்பாவின் 420 பாட்டுகள் '14 ஏ 3' என்றே வந்து நின்றன.

மூன்று மாதம் தினமும் சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முகப்பிசை முடிவதற்குள் படத்தைச் சொல்லிவிடுவார். நான் பாடியவர் பெயரையும் நிரப்பிக்கொண்டே போனேன். முடிந்ததும் பிளேயரை அவர் கையில் கொடுத்தேன். "எங்கடா படம்? ஒரே படத்துப் பாட்டு அஞ்சு இடத்துல கெடக்கு" என்றார். உண்மைதான். அந்த மென்பொருள் ஒரு ஆல்பம் என்றால் ஒரு பாடகர் என்ற கணக்கில் கட்டியது. நம் படத்தில் ஐந்து பாட்டை ஏழு பேர் பாடியிருப்பார்கள். போதாததற்கு ஒரே பாடகரின் பெயர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சிடியிலும் ஒவ்வொரு விதம். இளையராஜாவுக்கு மட்டும் என் நூலகத்தில் ஆறு ஸ்பெல்லிங். எல் ஒன்றா இரண்டா, கடைசிக்கு முன்னால் ஏ ஒன்றா இரண்டா என்று ஆறு இளையராஜாக்கள்.

தீர்வு சுலபம். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இசையமைப்பாளரைப் போட்டுவிட்டால் படம் முழுதாக ஒரே இடத்தில் நிற்கும். பாடியவர்கள் தனிக் கட்டத்தில் அப்படியே இருக்கலாம். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு பாட்டைத் தேர்ந்து ஒரே தடவையில் மாற்றலாம். வருடத்தையும் மறக்காமல் போடுங்கள். 1980 பில்லாவும் 2007 பில்லாவும் ஒரே ஆல்பமாகி, எம்.எஸ்.வி.யும் யுவனும் மாறி மாறி வந்தார்கள். ஆல்பம் பெயரிலேயே வருடத்தைச் சேர்த்த பிறகுதான் பிரிந்தார்கள்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமே, எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் சொன்ன ரெக்கார்டிங் கடைக்கு நான் வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010-இலிருந்து நாலு வருஷம் கரூரில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றுவதுதான் என் வேலை. 2 ஜிபி கார்டு நிரப்ப ஐம்பது ரூபாய். 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 400 பாட்டு பிடிக்கும். உரிமை, அனுமதி எல்லாம் அன்றைக்கு யார் மனதிலும் இல்லை, என் மனதிலும் இல்லை. இன்று யோசித்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டேக் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர் பார்க்கமாட்டார். ஃபோல்டர்தான் கணக்கு. அம்மன் பாட்டு, மெலடி, குத்து, சோகம், எம்.ஜி.ஆர். தத்துவம். அவ்வளவுதான் உலகம்.

நான் பட்ட பாடு ஒரு தனியார் பேருந்து ஓட்டுநரால். காலை ஐந்து மணி டிரிப்பில் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும் என்று பென் டிரைவைக் கொடுத்தார். பிள்ளையார் பாட்டுக்கு 001 என்று எண் போட்டு, மொத்தத்தையும் தேர்ந்து இழுத்துப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் வந்து நின்ற கோலம்! கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் காட்டி, பிளேயரைத் தட்டினால் குத்துப்பாட்டு அலறியிருக்கிறது. ஏறியிருந்த பூக்காரம்மா கூடையோடு இறங்கிவிட்டார்களாம்.

கணினித் திரையில் எல்லாம் எண் வரிசைப்படிதான் தெரிந்தது. ஆனால் அந்த மாதிரி மலிவு பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. பென் டிரைவின் எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்பில் எந்தக் கோப்பு எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில் பாடும். விண்டோஸில் மொத்தமாகத் தேர்ந்து இழுக்கும்போது எந்தக் கோப்பின் மேல் மவுஸை வைத்து இழுக்கிறோமோ அதிலிருந்துதான் நகல் ஆரம்பிக்கும். நான் நடுவில் பிடித்து இழுத்திருக்கிறேன். அன்றிலிருந்து பென் டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு, முதல் பாட்டின் மேல் கை வைத்து இழுப்பேன். பிறகுதான் எழுதிய வரிசையையே மாற்றித் தரும் சின்ன மென்பொருள்கள் இருப்பது தெரிந்தது. டிரைவ்சார்ட் என்பது ஒன்று.

அதே ஓட்டுநர் இன்னொரு குறையும் சொன்னார். ஒரு பாட்டு முனகுகிறது, அடுத்தது காதைக் கிழிக்கிறது. பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்தால் அப்படித்தான். எம்பி3கெயின் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபலுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். பாட்டைத் திரும்ப என்கோடு செய்யாமலே அளவை மாற்றும், தரம் கெடாது. அதற்குப் பிறகு அந்த ரூட் பேருந்து எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வந்தது.

*

பாட்டு பரவாயில்லை, படத்தை ஏற்றிப் பாருங்கள். 2008-இல் நான் ஷார்ஜாவில் தங்கி துபாயின் ஜெபல் அலிக்கு வேலைக்குப் போய்வந்தேன். அந்தச் சாலையின் நெரிசல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு. சந்தையில் 'எம்பி4 பிளேயர்' என்று ஒன்றை வாங்கினேன். அது எம்பி4 கோப்பை ஓட்டாது! பெயர் மட்டும்தான் எம்பி4. அது தின்பது ஏஎம்வி என்ற வகை. அதற்கு மாற்ற ஒரு மென்பொருள், உள்ளங்கை அளவு சிடியில் கூடவே வந்தது. ஆங்கிலம் என்று நினைத்துத்தான் அந்தப் பட்டன்களை எழுதியிருப்பார்கள்.

அறை நண்பரின் கணினியில் இரவு படுக்கும்போது ஓடவிட்டால் விடியும்போது ஒரு படம் தயார். 160-க்கு 120 புள்ளி. ஏஎம்வியில் ஒவ்வொரு காட்சிச் சட்டமும் தனித்தனிப் படமாகச் சுருக்கப்படும், அதனால் கோப்பு பெரிது, படம் மோசம். நம் படங்கள் வேறு சினிமாஸ்கோப். அகலம் 160 என்றால் உயரம் 68 புள்ளிதான் மிஞ்சும், மேலும் கீழும் கறுப்பு. கதாநாயகன் முகம் ஒரு கடுகு. முதல் படத்தைப் பார்த்தபோது அண்ணன் தம்பி இரண்டு வேடத்தில் யார் யார் என்றே கடைசிவரை பிடிபடவில்லை.

ஆனால் வடிவேலு காமெடி மட்டும் அதில் பிரமாதமாக ஓடியது. குரல் போதுமே! பஸ்ஸில் ஒரு இயர்போனை இரண்டு பேர் பகிர்ந்து கேட்போம், திரையை யாரும் பார்ப்பதே இல்லை. கடைசியில் காமெடிகளை ஒலியாக மட்டும் பிரித்து எம்பி3 ஆக்கினேன், ஒரு படத்தின் இடத்தில் இருபது பிடித்தது.

போன் திரைகள் பெரிதான பிறகு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளுக்கு மாறினேன். முதலில் கறுப்புப் பட்டையைத் தானாக வெட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வீடியோ வகை எச்.264, உயரம் 480 புள்ளி, தர அளவு 20-க்கும் 22-க்கும் நடுவில். கைபேசிக்கு இது போதும், 1080 ஏற்றுவது இடத்துக்குக் கேடு. கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 கார்டில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். 16 ஜிபி காலியாக இருக்கும்போது இடமில்லை என்கிறதே என்று நான் கார்டு விற்றவரோடு சண்டைக்கே போய்விட்டேன், பாவம் அவர்.

*

திரைப்பாட்டுக்கே இத்தனை தகராறு என்றால் கச்சேரிக்கு? நான் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். சிடியில் ராக ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக். தம்புரா நடுவில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எம்பி3 ஆக்கிப் போட்டால் இரண்டுக்கும் நடுவே பொட்டென்று ஒரு மௌனம். அரை நொடிகூட இராது, ஆனால் தோடி ஆலாபனையில் ஊறியிருக்கிற காதுக்கு அது பல்லில் கல் கடித்த மாதிரி.

எம்பி3 1152 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) கொண்ட கட்டங்களாகத்தான் எழுதப்படும், ஓரத்தில் மிச்சத்துக்கு மௌனத்தை நிரப்பும் என்று என் மாணவியின் கணவர் சொன்னார். எவ்வளவு நிரப்பியது என்று லேம் என்ற எம்பி3 ஆக்கும் மென்பொருள் கோப்பில் குறித்து வைக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் இடைவெளியை விழுங்கிவிடும். ஐடியூன்ஸ் 2006-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து இதைச் செய்தது. நான் அவ்வளவு ஆராயாமல், தரம் குறையாமல் சுருக்கும் ஆப்பிள் லாஸ்லெஸ் வகைக்கு மாறிவிட்டேன், அதில் இந்தப் பிரச்சினையே இல்லை. இடம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

டேக் விஷயத்தில் என் முறை: கம்போஸர் கட்டத்தில் பாட்டை இயற்றிய வாக்கேயகாரர், ஆல்பத்தில் கச்சேரி. இசைவகை என்ற கட்டத்தில் ராகம்! கர்நாடக இசை என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே போட்டு என்ன பயன்? இப்போது கல்யாணியைத் தட்டினால் எல்லாக் கல்யாணியும் வரிசையில் வருகிறது. தியாகராஜர் வேறு, சாமா சாஸ்திரிகள் வேறு என்று கம்போஸரில் போய்ப் பார்க்கலாம். ராகம் கேட்டுப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

வரிசையைக் கலைத்துப் பாடும் ஷஃபிள் மட்டும் வேண்டாம். மங்களம் பாடி முடித்துவிட்டு வர்ணத்தில் ஆரம்பிக்கிறது. ஐடியூன்ஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஷஃபிளில் தவிர்க்கச் சொல்லவும், நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கச் சொல்லவும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவிக்கு இரண்டையும் டிக் செய்து வைத்திருக்கிறேன்.

ஸ்பெல்லிங் தொல்லைக்கு ஒரே வழி, தமிழிலேயே எழுதுங்கள். தோடிக்கு ஆங்கிலத்தில் எச் உண்டா இல்லையா என்ற சண்டை தமிழில் கிடையாது. ஆனால் எம்பி3 கோப்பில் டேக் ஐடி3யின் 2-ஆம் பதிப்பாகச் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். 1-ஆம் பதிப்பில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட்தான், அது யூனிகோடுக்காக வந்ததும் இல்லை. என் பழைய பிளேயர் ஒன்று டேக் சரியாக இருந்தும் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அதில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்காக மட்டும் ஒரு ஆங்கில நகல் வைத்திருந்தேன், அந்தப் பிளேயர் போனதும் அதையும் அழித்தேன்.

*

மேலே முதலில் எழுதியவன்தான். இசைவகையில் ராகம் போடும் யோசனையை அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு வேணாம், படம் போதும்" என்றார்.

420-இல் 409-க்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிச்சம் 11 பாட்டு அவருக்கும் பிடிபடவில்லை. எண்களைப் பார்த்தால் எல்லாமே பி பக்கத்தில் கடைசிப் பாட்டு. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நான் எழுதிக் குடுத்தது முடிஞ்சு டேப்புல எடம் மிச்சம் இருந்தா, கடைக்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பான். இதெல்லாம் அவன் பாட்டுடா."

கரூர் தம்பி, நீங்களும் 2 ஜிபி கார்டில் அப்படி ஏதாவது செருகிக் கொடுத்தீர்களா?

*

கொடுக்காமல் இருப்பேனா அண்ணா? கடைசி ஃபோல்டருக்கு 'புதுசு' என்று பெயர் வைத்திருப்பேன். எல்லாம் நான் கேட்பவை.